முதல் எஃப்பிஜிஏ போர்டு: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இதுதான்: சி மொழி தெரியும், ஆர்டுயினோ போன்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகளில் கொஞ்சம் வேலை செய்தாயிற்று, அடுத்து எஃப்பிஜிஏ (உள்ளிருக்கும் லாஜிக் சர்க்யூட்டை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய சிப்) கற்றுக்கொள்ள ஆசை, கையைக் கடிக்காத விலையில் எந்தப் போர்டு வாங்கலாம், அதில் எத்தனை லாஜிக் செல் (சிப்பின் அடிப்படைக் கட்டுமான அலகு) இருந்தால் போதும்?

இரண்டாம் பாதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் தடுக்கி விழுவது அங்கேதான். முதல் போர்டை லாஜிக் செல் எண்ணிக்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆரம்ப மாதங்களில் நீங்கள் எழுதப்போகும் எதுவும் சிப்பை நிரப்பப் போவதில்லை. உங்களை மடக்கிப் போடுவது வேறு விஷயங்கள்: மென்பொருள் நிறுவலில் பாதியிலேயே சிக்கிக்கொள்வது, எந்த எல்ஈடி எந்தப் பின்னில் இருக்கிறது என்று எங்கேயும் எழுதப்படாமல் இருப்பது, புரோகிராமர் கேபிளைச் செருகினால் கணினி கண்டுகொள்ளாமல் இருப்பது. எஃப்பிஜிஏ போர்டு வாங்கும்போது அதன் மென்பொருளையும் சேர்த்துத்தான் தலையில் கட்டிக்கொள்கிறீர்கள். மைக்ரோகண்ட்ரோலரில் ஒரு கம்பைலர் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றுக்குப் போகலாம். இங்கே சிப்பைச் செய்த நிறுவனம் தருவதுதான் கருவி. மாற்று வழி உள்ள சிப்கள் சிலதான்.

வாங்குவதற்கு முன் இன்னொரு சின்ன விஷயம். உங்கள் நோக்கம் சென்சார் படிப்பது, மோட்டார் ஓட்டுவது, தகவலை வைஃபையில் அனுப்புவது என்றால் எஃப்பிஜிஏ தேவையே இல்லை. கையில் இருக்கும் மைக்ரோகண்ட்ரோலரே நன்றாகச் செய்யும். ஒரே நேரத்தில் பல வேலைகள் நானோசெகண்ட் கணக்கில் துல்லியமாக நடக்க வேண்டும், திரைக்கு வீடியோ சிக்னலை நீங்களே உருவாக்க வேண்டும், அல்லது ஒரு பிராசஸர் உள்ளுக்குள் எப்படி ஓடுகிறது என்று கட்டிப்பார்க்க வேண்டும் என்றால் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

போர்டு கையில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வன்பொருளை விவரிக்கும் மொழியான வெரிலாக்கை எழுதிச் சோதிக்க இக்காரஸ் வெரிலாக், வெரிலேட்டர் என்ற இரண்டு சிமுலேட்டர்கள் இருக்கின்றன, இரண்டும் இலவசம். அலைவடிவத்தைப் பார்க்க ஜிடிகேவேவ். எச்டிஎல்பிட்ஸ் என்ற இணையதளத்தில் உலாவியிலேயே வெரிலாக் பயிற்சிகளைப் போட்டுப்பார்க்கலாம். சில வாரம் இப்படி ஓட்டினால், வெரிலாக்கின் ஃபார் லூப் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் நிரல் அல்ல, அத்தனை பிரதிகள் வன்பொருளை ஒரேயடியாக விரித்துப்போடும் கட்டளை என்பது மண்டையில் ஏறிவிடும். சி மொழியிலிருந்து வருபவர்களுக்கு இதுதான் பெரிய தடை, அதைத் தாண்ட ஒரு பைசா செலவில்லை. வெரிலாக்கா, அதே வேலைக்கான இன்னொரு மொழியான விஎச்டிஎல்லா என்ற சண்டையில் நேரத்தை விடாதீர்கள். திறந்த மூலக் கருவிகளுக்கு வெரிலாக்தான் தோது, அதையே எடுங்கள்.

இப்போது மென்பொருள் பக்கம். சைலிங்ஸ் சிப்களுக்கு விவாடோ (சைலிங்ஸை 2022-இல் ஏஎம்டி வாங்கிவிட்டது, ஆனாலும் எல்லோர் வாயிலும் பழைய பெயர்தான்). ஆல்டெரா சிப்களுக்கு குவார்ட்டஸ். இரண்டுக்கும் இலவசப் பதிப்பு உண்டு, தொடக்கக்காரரின் போர்டுகள் எல்லாம் அதற்குள் அடங்கும். ஆனால் விவாடோ பல பத்து ஜிபி வட்டு இடத்தை விழுங்கும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டில் மட்டுமே ஓடும். மேக் வைத்திருப்பவர்கள் விவாடோ தேவைப்படும் போர்டை முதல் போர்டாக வாங்கினால் கற்பதைவிட மெய்நிகர் கணினியோடு மல்லுக்கட்டுவதில்தான் நேரம் போகும். குவார்ட்டஸும் அதே இரண்டு இயங்குதளங்களில்தான். அதோடு வரும் குவெஸ்டா சிமுலேட்டருக்கு இலவசம் என்றாலும் பதிவு செய்து லைசன்ஸ் கோப்பு வாங்கிப் பொருத்த வேண்டும். புதியவர்கள் அங்கே ஒருமுறை நிற்பார்கள்.

லாட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40 குடும்பத்தின் கதை வேறு. 2015-இல் வெளிவந்த ஐஸ்ஸ்டார்ம் திட்டம் அந்தச் சிப்பில் ஏற்றப்படும் பிட்ஸ்ட்ரீம் கோப்பின் வடிவத்தை வெளியிலிருந்தே ஆராய்ந்து ஆவணப்படுத்தியது. அதன் பின்னர்தான் முழுக்கத் திறந்த மூலக் கருவிகளாலேயே ஒரு எஃப்பிஜிஏவை இயக்க முடிந்தது. இன்று யோசிஸ் உங்கள் வெரிலாக்கை லாஜிக்காக மாற்றும், நெக்ஸ்ட்பிஎன்ஆர் அதைச் சிப்பில் இடம்பார்த்து இணைக்கும், ஓப்பன்எஃப்பிஜிஏலோடர் போர்டில் ஏற்றும். எல்லாம் ஒரே கட்டாகவும் கிடைக்கிறது, மேக்கிலும் ஓடுகிறது. லாட்டிஸின் இசிபி5 குடும்பமும் இந்த வழியில் நன்றாக வேலை செய்யும். கோவின் என்ற நிறுவனத்தின் சிப்களுக்கு அபிகுலா என்ற திட்டம் அதே பணியைச் செய்கிறது. கோவினின் சொந்த மென்பொருளிலும் கல்விப் பதிப்பு உண்டு. கோவின் சிப் உள்ள டேங் நானோ 9கே, 20கே போர்டுகளை லைசன்ஸ் கோப்பு எதுவும் கேட்காமல் அது கையாளும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், ஒரு மாற்றம் செய்து அதன் விளைவைப் பார்க்க ஆகும் நேரம் கற்கும் வேகத்தையே மாற்றிவிடுகிறது. எல்ஈடி மினுக்கும் சின்ன டிசைன் ஐஸ்40-இல் சில நொடிகளில் போர்டுக்குப் போய்விடும். அதே டிசைன் விவாடோவில் சிந்தஸிஸ் (லாஜிக்காக மாற்றுவது), இம்ப்ளிமென்டேஷன் (சிப்பில் இடம்பார்த்து இணைப்பது), பிட்ஸ்ட்ரீம் என்று படிப்படியாக ஏறி நிமிடக்கணக்கில் எடுக்கும். ஒரு சாயங்காலத்தில் முப்பது முறை முயன்று பார்ப்பவருக்கும் ஆறு முறை முயல்பவருக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும். விவாடோவுக்கும் நியாயம் செய்ய வேண்டும்: அதன் டைமிங் ரிப்போர்ட் விரிவானது, எந்தப் பாதையில் எத்தனை நானோசெகண்ட் போகிறது என்று பிட்டுப்பிட்டு வைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் சிப்புக்குள்ளேயே சிக்னல்களைப் பிடித்துக் காட்டும் லாஜிக் அனலைசர் வசதியும் இலவசப் பதிப்பிலேயே கிடைக்கிறது. குவார்ட்டஸில் அதற்கு சிக்னல்டேப் என்று பெயர், கோவினிலும் அப்படி ஒன்று உண்டு. வேலைக்காகக் கற்பவர் என்றால் விவாடோ அல்லது குவார்ட்டஸ் பழக்கம் எப்படியும் வேண்டும். அவருக்கு என் பதில் மாறும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, எண்களை அடியோடு ஒதுக்கவும் முடியாது, அவற்றைப் படிக்கத் தெரிய வேண்டும். எஃப்பிஜிஏவின் அடிப்படை அலகு லுக்-அப் டேபிள், புழக்கத்தில் லட்: எந்த உள்ளீட்டுக்கு என்ன விடை என்று எழுதிவைத்த சின்ன அட்டவணை. அதற்குப் பக்கத்தில் ஒரு பிட்டை நினைவில் வைக்கும் ஃபிளிப்ஃபிளாப். சைலிங்ஸின் ஆர்டிக்ஸ்-7 குடும்பத்தின் 35டி சிப்பில் இருப்பவை 20,800 லட். ஆனால் தாளில் 33,280 லாஜிக் செல் என்று போட்டிருக்கும். அதன் லட் ஆறு உள்ளீடு கொண்டது, நான்கு உள்ளீட்டு லட்டைவிட அதிகம் செய்யும் என்பதால் 1.6-ஆல் பெருக்கிச் சொல்கிறார்கள். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு நிறுவனத்தின் லாஜிக் செல்லையும் இன்னொன்றின் லாஜிக் எலிமென்ட்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

எவ்வளவு தேவை என்பதற்கு ஓர் அளவுகோல்: பிக்கோஆர்வி32 என்ற சிறிய ரிஸ்க்-5 பிராசஸர் அதை எழுதியவர்களின் கணக்குப்படி சைலிங்ஸ் 7 வரிசைச் சிப்பில் 750 முதல் 2,000 லட் வரை எடுக்கும். ஐஸ்ஸ்டிக் போர்டில் உள்ள ஐஸ்40 குடும்பத்து எச்எக்ஸ்1கே சிப்பில் மொத்தமே 1,280 லட், அதுவும் நான்கு உள்ளீட்டு வகை. அங்கே யூஆர்ட் (சீரியல் தொடர்பு), சின்ன விளையாட்டு எல்லாம் ஓடும், பிராசஸர் என்றால் மூச்சு முட்டும். ஐஸ்பிரேக்கர் போர்டின் யூபி5கே சிப்பில் 5,280 லட், பிராசஸர் தாராளமாக அமரும். டேங் நானோ 9கே-யில் 8,640, 20கே-யில் 20,736. ஆக ஐயாயிரம் நான்கு உள்ளீட்டு லட் இருந்தால் முதல் வருடத்துக்குப் போதும்.

லட்டைவிட முன்னால் தீர்ந்துபோவது உள் நினைவகம். இதைப் பற்றி விளம்பரங்களில் பெரிய எழுத்தில் யாரும் போடுவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப்பார்ப்போம். 640-க்கு 480 அளவுள்ள திரையின் படத்தை அப்படியே சிப்புக்குள் வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளிக்கு ஒரு பிட், அதாவது வெறும் கறுப்பு வெள்ளை என்றாலே 3,07,200 பிட். டேங் நானோ 9கே-யின் பிளாக் ரேம், அதாவது இந்த உள் நினைவகம், 468 கிலோபிட். அதில் இது அடங்கும். நான்கு நிறம் வேண்டும் என்று இரண்டு பிட்டுக்குப் போனால் 6,14,400 பிட், அடங்காது. பேசிஸ் 3 போர்டின் ஆர்டிக்ஸ்-7 சிப்பில் 1,800 கிலோபிட். பதினாறு நிறம் வரை, அதாவது 12,28,800 பிட் வரை தாங்கும், 256 நிறம் என்றால் அங்கேயும் இடமில்லை. தீர்மானத்தை 320-க்கு 240 என்று குறைத்தால் எல்லாம் நான்கில் ஒரு பங்காகிவிடும். பழைய வீடியோ கேம் இயந்திரங்களைப் போல படத்தைச் சின்னச் சின்ன ஓடுகளாக வைத்துக்கொண்டு ஓடும்போதே கோத்தால் முழுப் படத்தையும் சேமிக்கவே வேண்டாம். ஆனால் அந்தப் பாதை வேண்டாம் என்பவர் போர்டில் வெளி நினைவகம் இருக்கிறதா, இருந்தால் என்ன வகை என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அந்த வகை முக்கியம். எஸ்ரேம் என்றால் முகவரியைக் கொடுத்தால் தகவல் வரும், அவ்வளவு எளிது. சாதாரண எஸ்டிரேமுக்கு ஒரு கண்ட்ரோலரை நீங்களே எழுதிவிடலாம், நல்ல பயிற்சியும்கூட. டிடிஆர்3 என்றால் நிறுவனம் தரும் ஆயத்த மெமரி கண்ட்ரோலரை நம்பித்தான் இருக்க வேண்டும்; புதியவர் எழுதி ஓட்டக்கூடிய சமாச்சாரம் அல்ல. ஆர்ட்டி ஏ7 போர்டில் 256 எம்பி டிடிஆர்3 இருக்கிறது என்பதைப் பார்த்து அதை வாங்குபவர்கள் பலர் அந்த நினைவகத்தைத் தொடாமலே வைத்திருப்பார்கள்.

அடுத்து, போர்டின் மேல் என்ன இருக்கிறது. யூஎஸ்பி வழியாக நேரடியாகப் புரோகிராம் செய்யும் வசதி போர்டிலேயே இருக்க வேண்டும், இதில் சமரசம் வேண்டாம். அதே யூஎஸ்பி கேபிளில் சீரியல் போர்ட்டும் வந்தால் இன்னும் நல்லது. சிப்புக்குள் நடப்பதைக் கணினித் திரையில் அச்சிட்டுப் பார்ப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. சுவிட்சும் எல்ஈடியும் சாதாரணப் பொருட்கள்தான், ஆனால் ஆரம்பத்தில் அவை நிறைய இருந்தால் வேலை எளிதாகும். பேசிஸ் 3-இல் 16 சுவிட்ச், 16 எல்ஈடி, 5 பொத்தான், நான்கு இலக்க ஏழு-செக்மென்ட் டிஸ்பிளே, விஜிஏ. டேங் நானோ 9கே-யில் 6 எல்ஈடி, 2 பொத்தான், ஒரு எச்டிஎம்ஐ. முதலாவதில் எட்டு பிட் கூட்டலை எழுதி, இரண்டு எண்களையும் சுவிட்சில் போட்டு, விடையை எல்ஈடியில் பார்க்கலாம். இரண்டாவதில் பிரெட்போர்டும் ஜம்பர் ஒயரும் எடுத்தாக வேண்டும். திரை இணைப்பிலும் ஒரு வித்தியாசம்: விஜிஏவுக்கு இரண்டு கவுண்டரும் சில ரெசிஸ்டரும் போதும், பிக்சல் கிளாக் 25 மெகாஹெர்ட்ஸ் சொச்சம். எச்டிஎம்ஐ என்றால் அதைப் போல பத்து மடங்கு வேகத்தில் பிட்களை வரிசையாகத் தள்ள வேண்டும், சிப்பின் சீரியலைசர் பகுதியைப் பயன்படுத்தப் பழக வேண்டும். ஆயத்த மாதிரிகள் கிடைக்கும் என்பதால் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் முதல் திட்டமாக விஜிஏ இதமானது.

மலிவாகக் கிடைக்கிறது என்று சிக்கிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. ஆல்டெராவின் சைக்ளோன் II சிப் வைத்த குட்டிப் போர்டுகள் இன்னும் விற்கப்படுகின்றன. அந்தச் சிப்பை ஆதரித்த கடைசி குவார்ட்டஸ் 13.0 எஸ்பி1. சைலிங்ஸின் ஸ்பார்ட்டன்-6 போர்டுகளும் அப்படியே. விவாடோ அவற்றைத் தொடாது, 2013-இல் 14.7-ஓடு நின்றுபோன ஐஎஸ்இ மென்பொருளைத் தோண்டி எடுக்க வேண்டும். சிப் நல்ல சிப்தான், ஆனால் புதிய இயங்குதளத்தில் பழைய மென்பொருளை ஓட வைப்பதுதான் உங்கள் முதல் பாடமாக இருக்கும். சைக்ளோன் IV போர்டுகள் பரவாயில்லை, இப்போதைய குவார்ட்டஸிலும் ஓடும். பெரும்பாலும் தனியாக யூஎஸ்பி பிளாஸ்டர் என்ற புரோகிராமர் கேபிள் வாங்க வேண்டியிருக்கும், அதன் விலையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சைலிங்ஸின் ஜிங்க் சிப் உள்ள போர்டுகள் இன்னொரு வகை. உள்ளே ஏஆர்எம் பிராசஸரும் எஃப்பிஜிஏவும் சேர்ந்தே இருக்கும், பார்க்க ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் போலத் தெரியும். ஆனால் பல போர்டுகளில் கிளாக், நினைவகம், சீரியல் எல்லாம் பிராசஸர் பக்கமே இருக்கும். எஃப்பிஜிஏ பக்கம் வேலை செய்யவே முதலில் பிராசஸரை எழுப்ப வேண்டும். இரண்டாவது போர்டாக நல்லது. அப்புறம் கலர்லைட் 5ஏ-75பி. எல்ஈடி விளம்பரப் பலகைகளுக்கான இந்தக் கார்டில் இசிபி5 சிப்பும் இரண்டு கிகாபிட் ஈதர்நெட் போர்ட்டுகளும் கொசுறு விலைக்குக் கிடைக்கின்றன. எனக்குப் பிடித்த போர்டு என்றாலும் புதியவருக்குச் சொல்ல மாட்டேன். புரோகிராம் செய்வதற்கான ஜேடேக் பின்களை நீங்களே சால்டர் செய்து வெளிப் புரோகிராமரை மாட்ட வேண்டும். வெளிவரும் பின்கள் 5 வோல்ட் பஃபர் வழியாக வருவதால் வெளியே அனுப்ப மட்டும்தான் பயன்படும், உள்ளே வாங்க வேண்டுமென்றால் பஃபர் சிப்பைக் கழற்ற வேண்டும்.

எந்தப் போர்டு என்றாலும் பணம் கட்டும் முன் இரண்டு கோப்புகள் கிடைக்கின்றனவா என்று தேடுங்கள்: முழு சர்க்யூட் வரைபடம், பின் எண்களைச் சொல்லும் கன்ஸ்ட்ரெய்ன்ட் கோப்பு. பேசிஸ் 3-க்கு எல்லாப் பின்னும் எழுதி, ஒவ்வொரு வரியும் கமென்ட் செய்யப்பட்ட மாஸ்டர் கோப்பே தருகிறார்கள். வேண்டிய வரியைத் திறந்துவிட்டால் போதும். இவை இரண்டும் இல்லாத போர்டு எவ்வளவு மலிவென்றாலும் விட்டுவிடுங்கள்.

இனி நேரடிப் பதில். பணம்தான் முதல் கவலை, சொந்த ஆர்வத்துக்காகக் கற்கிறீர்கள் என்றால் டேங் நானோ 9கே, கொஞ்சம் கூடப் போட முடிந்தால் 20கே. கேள்வி கேட்டவருக்கு என் பரிந்துரை இதுதான். கருவிகள் சத்தமில்லாமல் வேலை செய்ய வேண்டும், ஆவணங்கள் நன்றாக இருக்க வேண்டும், மேக்கில் ஓட வேண்டும் என்றால் ஐஸ்பிரேக்கர். லட் எண்ணிக்கைக்கு ஒப்பிட்டால் விலை கூடத்தான், ஆனால் துணை மாட்யூல்களைச் செருக மூன்று பிமாட் கனெக்டர்கள், பொத்தானும் எல்ஈடியும் உள்ள உடைத்தெடுக்கக்கூடிய துண்டு என்று கற்பவரை நினைத்தே செய்திருக்கிறார்கள். வேலைக்கோ பட்டப் படிப்புக்கோ என்றால் பேசிஸ் 3. ஆல்டெரா பக்கம் போக வேண்டியவருக்கு டிஇ10-லைட். இந்த இரண்டும் டேங் நானோவைப் போலப் பல மடங்கு விலை, ஆகவே கல்லூரி ஆய்வகத்தில் இரவல் கிடைக்குமா என்று முதலில் கேட்டுப்பாருங்கள். கல்விச் சலுகை விலை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

9கே கையில் வந்த அன்று என்ன செய்வது? கிளாக் 27 மெகாஹெர்ட்ஸ், 52-ஆம் பின்னில் வருகிறது. முதல் எல்ஈடி 10-ஆம் பின்னில். அரை நொடிக்கு ஒருமுறை மாற்ற 1,35,00,000 வரை எண்ண வேண்டும். 24 பிட் கவுண்டர் 1,67,77,215 வரை போகும் என்பதால் அதுவே போதும். எல்ஈடிக்கு 0 கொடுத்தால்தான் எரியும், 1 கொடுத்தால் அணையும். இது தெரியாமல் வெரிலாக்கில் பிழை தேடுபவர்கள் ஏராளம். ஓடியதும் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினால் உங்கள் டிசைன் காணாமல் போயிருக்கும். போர்டு கெட்டுவிடவில்லை. சிப்புக்குள் இருக்கும் எஸ்ரேமில் ஏற்றினால் மின்சாரம் போனதும் மறந்துவிடும், நிலைக்க வேண்டுமென்றால் ஃபிளாஷில் எழுத வேண்டும். கற்கும்போது எஸ்ரேமே வேகம். பின்களில் 5 வோல்ட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஆர்டுயினோவுக்கு வாங்கிய பழைய மாட்யூல்களை மாட்டும்போது இது மறந்துபோகும். பெரும்பாலான எஃப்பிஜிஏ பின்கள் 3.3 வோல்ட் வரைதான். 9கே-யில் எல்ஈடி, பொத்தான் இருக்கும் பேங்க், அதாவது பின்களின் தொகுதி, 1.8 வோல்ட்.

அடுத்த பயிற்சியாக ஒரு பொத்தானை அழுத்தினால் எண்ணிக்கை ஒன்று கூடும்படி எழுதுங்கள். சிமுலேட்டரில் அழகாக ஓடும். போர்டில் ஒரு அழுத்தலுக்கு மூன்று நான்கு என்று தாவும், சில நேரம் விளங்காத எண்ணுக்குப் போகும். தாவுவதற்குக் காரணம் பொத்தானின் உலோகம் துள்ளுவது. விளங்காத எண்ணுக்குக் காரணம் கிளாக்கோடு சம்பந்தமில்லாமல் வரும் சிக்னல் ஃபிளிப்ஃபிளாப்பை இரண்டுங்கெட்டான் நிலையில் பிடித்துவிடுவது. உள்ளே வரும் சிக்னலை இரண்டு ஃபிளிப்ஃபிளாப் வழியாக விட்டு, அதன்பின் சில மில்லிசெகண்ட் நிலையாக இருக்கிறதா என்று பார்த்து எண்ணினால் இரண்டும் அடங்கிவிடும். அதன் பிறகு யூஆர்ட், பிறகு திரை, பிறகு ஒரு சிறு பிராசஸர் என்று போகலாம். பிளாக் ரேம் போதவில்லை என்று சிந்தஸிஸ் கருவி முதல்முறை பிழை காட்டும்போது யூஎல்எக்ஸ்3எஸ், ஆர்ட்டி ஏ7 போன்ற பெரிய போர்டுகளைப் பற்றி யோசித்தால் போதும்.